பக்கத்து சீட்டுச் சிரிப்பு ஏன் உறுத்துகிறது?

மாதாமாதம் ஜிஎஸ்டி கட்டும் நிறுவனங்கள் 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற வரிக் கணக்கைத் தாக்கல் செய்தாக வேண்டும். அதற்கு முந்தைய நாட்களில் கணக்குப் பிரிவில் கொள்முதல் பதிவேட்டையும், விற்றவர்கள் காட்டிய கணக்கிலிருந்து ஜிஎஸ்டி தளம் தரும் 2பி பட்டியலையும் வரி வரியாக ஒப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். நெடுநேரம் உதைத்துக்கொண்டிருந்த தொகை ஒருவருக்கு டேலி ஆகிவிடும். "அப்பாடா, வந்துருச்சு!" என்று கைதட்டிச் சிரிப்பார். உடனே அடுத்த மேசையிலிருந்து, "இது ஆபீஸா, சந்தையா?" என்று குரல் வரும்.

சிலருக்குக் காரணம் வெறும் சத்தம்தான். எண்களை மனதுக்குள் சொல்லிக்கொண்டே சரிபார்ப்பவருக்கு, காதில் விழும் பேச்சு அந்த வரிசையைக் கலைத்துவிடும். அது நியாயமான புகார். இடம் மாற்றினாலோ ஹெட்ஃபோன் போட்டாலோ தீர்ந்துவிடும்.

தீரவில்லையென்றால், சிரிப்பைக் கேட்காமல் பார்த்தாலே எரிச்சல் வருகிறதென்றால், விஷயம் வேறு. இன்னொரு அடையாளமும் உண்டு: மேலாளர் அதைவிடச் சத்தமாகச் சிரித்தால் அதே ஆள் பேசாமல் இருப்பார், புதிதாகச் சேர்ந்தவர் சிரித்தால்தான் பொறுக்காது. சம்பளத்துக்காக உணர்வை அடக்கி, வேண்டிய முகத்தைக் காட்டுவதும் உழைப்புதான் என்று 1983-ல் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷீல்ட் எழுதினார். அருவருப்பூட்டும் காட்சிகளைப் பார்க்கும்போது முகத்தில் எதையும் காட்டாமல் அடக்கியவர்களுக்கு உடலின் பதற்றத்தைக் காட்டும் சில அறிகுறிகள் கூடியதை 1993-ல் உளவியலாளர்கள் ஜேம்ஸ் கிராஸும் ராபர்ட் லெவன்சனும் அளந்து காட்டினார்கள். நாள் முழுக்க அப்படி இறுகி உட்கார்ந்திருப்பவருக்கு, பக்கத்தில் ஒருவர் விலை எதுவும் கொடுக்காமல் சிரிப்பது அநியாயமாகத் தோன்றும் என்பதே எங்கள் கணிப்பு. 'பல்லைக் காட்டாதே' என்று அதட்டி வளர்க்கப்பட்டவருக்கு இன்னும் அதிகமாக உறுத்தும். அவரைக் கெட்டவராகப் பார்க்கத் தேவையில்லை, களைத்தவர் அவர்.

டீம் லீடர் 19, 20 தேதிகளில் இதைக் கையில் எடுக்கக் கூடாது. தாக்கல் முடிந்த பிறகு, எரிச்சல்படுபவரைத் தனியாகக் கூப்பிட்டு, "சத்தம் தொந்தரவா, இல்ல அவங்க அப்படி இருக்கறதா?" என்று நேராகக் கேட்கலாம். கூடவே அவர் தலையில் எத்தனை வேலை கிடக்கிறது என்றும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அங்கேதான் ஏதாவது அகப்படும்.

பலர் செய்யும் தவறு, சிரித்தவரை எல்லோர் முன்னாலும் "கொஞ்சம் அடக்கமா இருங்க" என்பது. அதற்குப் பின் அவர் சிரிக்க மாட்டார். "சார், இந்த இன்வாய்ஸ் ரெண்டு தடவை ஏறியிருக்கு" என்று குரல் கொடுக்கவும் தயங்குவார்.