சம்ப் மோட்டாரும் நாலு கிலோவோல்ட் சவ்வும்

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டில் சம்ப் மோட்டார் ஓடினால் மாடியில் என் சால்டரிங் மேசை வரைக்கும் நடுங்கும். மோட்டார் தகட்டில் 2880 ஆர்பிஎம் என்று போட்டிருக்கிறது, அதாவது நொடிக்கு 48 சுற்று. மேசையில் சென்சாரை ஒட்டிப் பார்த்தால் 48 ஹெர்ட்ஸில் பெரிய முகடு, 100 ஹெர்ட்ஸில் சின்னதாக இன்னொன்று. சின்னது 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டின் இரட்டிப்பு, மோட்டாரின் காந்த உறுமல். கரண்ட் கொடுத்தால் இளகும் ரப்பர் சவ்வு ஒன்றைச் செய்து அந்த 48-ஐ அடக்க முடியுமா என்பதுதான் இப்போதைய விளையாட்டு. மேசைக் காலுக்கு நாலு ரப்பர் துண்டு வைத்தால் போதாதா என்றால், போதும்தான். அதில் என்ன சுவாரசியம்?

விஷயம் பழையது. மின்னேற்றம் ஏற்றினால் ரப்பர் பட்டை நீளுவதை, பின்னாளில் எக்ஸ்-ரே கண்டுபிடித்த ரான்ட்ஜன் 1880-லேயே பார்த்திருக்கிறார். 2000-இல் அமெரிக்காவின் எஸ்ஆர்ஐ ஆய்வகத்தில் பெல்ரின் குழு அக்ரிலிக் ரப்பரை 100 சதவீதத்துக்கும் மேல் விரிய வைத்துக் காட்டிய பிறகுதான் இதற்கு மவுசு வந்தது. சவ்வின் இரு பக்கமும் கரிப் பசை தடவி உயர் மின்னழுத்தம் கொடுத்தால் இரண்டு பூச்சும் ஒன்றையொன்று இழுக்கும். நடுவில் மாட்டிய ரப்பர் நசுங்கிப் பக்கவாட்டில் விரியப் பார்க்கும். ஓரத்தைச் சட்டத்தில் ஒட்டியிருந்தால் விரிய இடமில்லை, அதனால் இழுவிசை குறையும். தம்புரா தந்தியைத் தளர்த்தினால் சுருதி இறங்குகிற மாதிரி சவ்வின் இயல்பு அதிர்வெண்ணும் இறங்கும்.

எவ்வளவு இறங்க வேண்டும்? வரும் அதிர்வு, இயல்பு அதிர்வெண்ணைப் போல் 1.41 மடங்குக்கு மேல் இருந்தால்தான் தடுப்பு வேலை செய்யும். அதற்குக் கீழே இருந்தால் நடுக்கத்தைக் குறைப்பதற்குப் பதில் பெருக்கிவிடும். 48-ஐ 1.41-ஆல் வகுத்தால் 34. ஆக, சவ்வு 34 ஹெர்ட்ஸுக்குக் கீழே வந்தாக வேண்டும்.

பொருள், 3எம் கம்பெனியின் விஎச்பி 4910 என்ற அக்ரிலிக் ரப்பர் டேப். ஒரு மில்லிமீட்டர் தடிமன், இரண்டு பக்கமும் ஒட்டும். இழுக்கும் முன் ஸ்கெட்ச் பேனாவால் 3 செ.மீ. வட்டம் வரைந்துகொண்டேன். வட்டம் எல்லாத் திசையிலும் 9 செ.மீ. ஆனதும் நிறுத்திச் சட்டத்தில் அழுத்திவிட வேண்டும். இப்போது தடிமன் ஒன்பதில் ஒரு பங்கு, சுமார் 0.11 மி.மீ. தனி ஆளாகச் செய்தால் ஒரு பக்கம் அதிகமாக இழுபடும். நாலு கை வேண்டும். இப்படி இரண்டு படலங்களை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டினேன். நடுப்பூச்சுக்கு மின்னழுத்தம், வெளிப்பூச்சு இரண்டும் எர்த். தொடக்கூடிய பக்கத்தில் வோல்ட் இருக்கக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. சவ்வின் மின்தேக்கம் சுமார் 5 நானோஃபாரட். 4 கிலோவோல்ட்டில் சேரும் ஆற்றல் 0.04 ஜூல்தான், ஆனாலும் கையைச் சுண்டி இழுக்கும். சப்ளை மைக்ரோஆம்பியர் அளவுக்கு மேல் தராத வகை. அதன் வரிசையில் 10 மெகாஓம் மின்தடை போட்டிருக்கிறேன். பழைய டிவியின் ஃப்ளைபேக் (உயர் மின்னழுத்தம் தரும் டிரான்ஸ்ஃபார்மர்) வேண்டவே வேண்டாம். எஸ்.பி. ரோட்டில் மலிவாகக் கிடைத்தாலும்!

நடுவில் அக்ரிலிக் வட்டும் சென்சாரும் சேர்ந்து 3 கிராம். வோல்ட் இல்லாமல் இயல்பு அதிர்வெண் 41 ஹெர்ட்ஸ் வந்தது, 48-க்கு ஆபத்தான நெருக்கம். ஒரு கிராம் சால்டர் கம்பியைச் சுற்றி எடையேற்றியதும் 36. அப்புறம் கீழே போய் வீட்டுக்கார அக்காவிடம் மோட்டாரைப் போடச் சொன்னேன்.

“டேங்க் நிறைஞ்சிருக்கே தம்பி, வழிஞ்சா நீயே துடைச்சுக்கோ.”

வழிந்தது, துடைத்தேன். ஆனால் கணக்கு சரியாக வந்தது. 36-இல் மேசையைவிடச் சவ்வின் நடுப்பகுதி கொஞ்சம் கூடுதலாகவே ஆடியது. மின்னழுத்தத்தை மெதுவாக 4 கிலோவோல்ட்டுக்கு ஏற்றியதும் இயல்பு அதிர்வெண் 31-க்கு இறங்கி, நடுக்கம் மேசையில் இருப்பதில் முக்கால் பங்குக்கு வந்தது. அந்த மின்னழுத்தத்தில் ரப்பரை நசுக்கும் அழுத்தம் 50 கிலோபாஸ்கல் அளவு, வளிமண்டல அழுத்தத்தில் பாதி. 100 ஹெர்ட்ஸ் முகடு வோல்ட் கொடுக்கும் முன்பே அமுங்கிவிட்டது; அது 36-க்கு ரொம்பத் தூரம்.

எதிர் அதிர்வு கொடுத்து மீதியையும் அழிக்கலாம் என்று மாறுமின்னழுத்தமும் கொடுத்துப் பார்த்தேன். விசை வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது, எனவே வெறும் 48 ஹெர்ட்ஸ் கொடுத்தால் சவ்வு 96-இல் ஆடும். நிலையான 2 கிலோவோல்ட் மேல் சின்ன அலையை ஏற்றினால் 48 கிடைக்கிறது, கூடவே கொஞ்சம் 96-உம். அக்ரிலிக் ரப்பர் தாமதித்து அசைவதால், எதிர் அலையைச் சரியான நேரத்தில் பொருத்துவதும் இழுபறி. இந்த ரப்பருக்கு அதிர்வெண்ணை நகர்த்தும் வேலையே பொருத்தம், எதிர்த்து ஆடும் வேலை அல்ல என்பது என் அபிப்பிராயம்.

இன்னொரு தொல்லை, ஊர்தல். ராத்திரி சும்மா வைத்தாலே இழுவிசை தளர்ந்து காலையில் ஓரிரு ஹெர்ட்ஸ் குறைந்திருக்கிறது. வோல்ட்டோடு விட்டால் இன்னும் மோசம்: மெலிய மெலிய மின்புலம் கூடும், கூடக் கூட மேலும் மெலியும், கடைசியில் பொத்துக்கொள்ளும். அதனால் மோட்டார் ஓடும்போது மட்டும் மின்னழுத்தம். அடுத்து சிலிக்கோன் படலம் வாங்கப் போகிறேன். அதில் ஊர்தலும் தாமதமும் குறைவு. அடுத்து இதன்மேல் ஏற்ற நினைக்கும் கேமரா தலை 12 கிராம் இருக்கிறது, அதைத் தாங்க ஆறு படலமாவது அடுக்க வேண்டும்.