நோயில்லாதவரின் பித்தநாளம்

மலேசியாவின் சுங்கைப்பட்டாணியில் எம்.ஆர்.ஐ. பிரிவில் வேலை செய்யும் எனக்கு, மஞ்சள் காமாலையோடு வருபவரின் பித்தநாளத்தைவிட, கல்லீரல் தானம் செய்ய முன்வரும் திடகாத்திரமான ஒருவரின் பித்தநாளத்தைப் படமெடுப்பதே கடினம். கல்லோ கட்டியோ அடைத்தால் நாளம் விரிந்துவிடும்; பித்தநாளங்களைப் பார்ப்பதற்கான எம்.ஆர்.ஐ. வகையான எம்.ஆர்.சி.பி. முறை ஓடாமல் நிற்கும் நீர்மத்தை வெண்மையாகக் காட்டுவதால், விரிந்த நாளம் பளிச்சென்று தெரியும். கொடையாளருக்கோ பொதுப் பித்தநாளமே பெரும்பாலும் 6 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். அறுவை மருத்துவர் கேட்பதோ அதற்கும் மேலே, கல்லீரலுக்குள் பிரியும் மெல்லிய கிளைகளை.

வலப்புற முன்கிளையும் பின்கிளையும் ஒன்றாகி, பிறகு இடது நாளத்தோடு சேர்வதே இயல்பு என்று படித்தோம். ஆனால் அந்த அமைப்பு ஏறக்குறைய 60 விழுக்காட்டினரிடம்தான் உண்டு. மற்றவர்களில் சிலருக்கு மூன்றும் ஒரே இடத்தில் கூடும். சிலருக்குப் பின்கிளை தனியே இடது நாளத்தில் போய்ச் சேரும், அல்லது கீழிறங்கிப் பொது நாளத்தில் சேரும். அப்படிப்பட்டவரின் வலது மடலை எடுத்தால் வெட்டுமுகத்தில் இரண்டு வாய்கள் இருக்கக்கூடும். இரண்டையும் தைத்து இணைக்க வேண்டியிருப்பதால், பெறுபவருக்குப் பித்தக் கசிவும் பின்னாளில் நாளச் சுருக்கமும் வரும் அபாயம் கூடுகிறது. இடது மடலை எடுக்கும்போது, பின்கிளை இடது நாளத்தில் சேர்வதை அறியாமல் வெட்டிவிட்டால், கொடுத்தவரிடம் எஞ்சும் வலது மடலின் ஒரு பகுதிக்குப் பித்தம் வெளியேற வழியே இருக்காது. நோயே இல்லாத ஒருவரை அல்லவா கத்திக்கு அனுப்புகிறோம். எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. 1989-இல் பிரிஸ்பேனில் ஒரு தாயின் கல்லீரல் பகுதியை மகனுக்கு வெற்றிகரமாகப் பொருத்தியபோது எம்.ஆர்.சி.பி. படமுறை வழக்கில் இல்லை. 1991-இல்தான் அந்தப் படமுறை மருத்துவ இதழில் வெளிவந்தது.

கொடையாளர் வெறும் வயிற்றில் வர வேண்டும். வயிற்று நீரும் வெண்மையாகத் தெரிந்து நாளத்தை மறைக்கும் என்பதால், சிலருக்கு அன்னாசிச் சாறு கொடுப்பதுண்டு. அதிலுள்ள மாங்கனீசு அந்த நீரைக் கருமையாக்கிவிடும். ‘ஸ்கேனுக்கு ஜூஸா?’ என்று சிரிக்காதவர்கள் குறைவு.

உண்மையான சிக்கல் மூச்சுதான். மூச்சு வெளியேறி அடங்கும் கணத்தில் மட்டுமே இயந்திரம் படமெடுக்கும். மூச்சு சீராக இல்லையென்றால் நேரமும் நீளும், படமும் கலங்கும். தந்தைக்குக் கொடுப்பதற்காகச் செம்பனைத் தோட்டத்திலிருந்து வந்த ஓர் இளைஞருக்கு, திரையில் மூச்சலை ஏறுக்குமாறாக ஓடிக்கொண்டிருந்தது. ‘அக்கா, அப்பாவுக்கு என்னோடது பொருந்துமா?’ என்று கேட்டார். ‘அத டாக்டர்தான் சொல்லணும் தம்பி. நீங்க மூச்ச மட்டும் பாத்துக்குங்க’ என்றேன். இயந்திரத்தில் பதிந்திருந்த ஆங்கிலக் கட்டளையை நிறுத்திவிட்டு, ஒலிவாங்கியில் நானே ‘மெதுவா இழுங்க, விடுங்க’ என்று சொல்லச் சொல்ல அலை சீரானது.

அப்போதும் பின்கிளை சேரும் இடம் ஐயமாகவே இருந்ததால், கதிரியக்க மருத்துவர் நாளங்களைப் படத்தில் தெளிவாக்கும் காடாக்சிடேட் என்ற மருந்தை ஏற்றச் சொன்னார். இம்மருந்தில் ஏறக்குறைய பாதி கல்லீரல் வழியாகப் பித்தத்தில் கலக்கும். 20 நிமிடம் கழித்து எடுத்தால் நாளங்கள் ஒளிரும். நல்ல கல்லீரல் இதை நன்றாக உறிஞ்சும் என்பதால், இந்த ஓர் இடத்தில் கொடையாளரின் ஆரோக்கியம் எங்களுக்குச் சாதகம். பின்கிளை இடது நாளத்தில்தான் சேர்ந்திருந்தது.

திரையில் சுழலும் முப்பரிமாணப் படம் பார்க்க அழகுதான், ஆனால் ஒன்றன்மேல் ஒன்றாகக் கடக்கும் இரு கிளைகளை ஒன்றாகச் சேர்ந்தவை போலவும் அது காட்டிவிடும். ஆகவே மெல்லிய மூலத் துண்டுப் படங்கள் அனைத்தையும் சேர்த்தே கோலாலம்பூருக்கு அனுப்பினோம். எந்த மடலை எடுப்பது, வேறு கொடையாளரைத் தேடுவதா என்பதெல்லாம் அங்குள்ள குழுவின் முடிவு; அதற்குப் பிறகும் அறுவை மேசையில் நாளத்துக்குள் சாயம் செலுத்தி மறுபடி பார்த்துவிட்டுத்தான் வெட்டுவார்கள்.