ராபர்ட் மாரிஸைத் தேடி அலைந்த மூன்று நாள்

அமெரிக்கப் புரட்சிக்குப் பணம் புரட்டிக் கொடுத்த வியாபாரி ராபர்ட் மாரிஸைப் பற்றிக் கட்டுரை எழுத பிலடெல்பியா போய்வந்தேன். கையில் இருந்தது மூன்றே நாள், அதில் முக்கால்வாசி பாழ். இதே வேலையாகப் போகிறவர்களாவது அலையாமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் நாள் ஒரு ஆவணக் காப்பகம். பதிவு, அடையாள அட்டை எல்லாம் பத்தே நிமிடம். 'ராபர்ட் மாரிஸ்' என்று சீட்டு எழுதிக் கொடுத்தேன், பெட்டி வந்தது, மதியம் வரை படித்தால் ஒரே வழக்கும் தீர்ப்பும். கப்பலும் இல்லை, சரக்கும் இல்லை. அப்புறம்தான் உறைத்தது, இவர் அதே காலத்தில் நியூ ஜெர்சியில் நீதிபதியாக இருந்த வேறு ராபர்ட் மாரிஸ்! ஊழியரிடம் போய்ச் சொன்னேன். "நீங்க கேட்ட பேர்தானே வந்திருக்கு" என்றார், திரையிலிருந்து கண்ணைக்கூட எடுக்காமல். அன்றைக்கு மறுபடி சீட்டு கொடுக்கும் நேரமும் முடிந்திருந்தது. தயவுசெய்து சீட்டில் ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள்: நம்மவர் 1734-1806. கவர்னர் மாரிஸ் என்று இன்னொருவரும் குறுக்கே வருவார். அது பதவி இல்லை, பெயரே அதுதான். நிதித் துறையில் ராபர்ட்டின் உதவியாளர், உறவுக்காரர் அல்ல.

அவருடைய கடிதங்களும் ஆவணங்களும் அச்சில் வந்த ஒன்பது தொகுதிகள் போதும் என்றும் இருந்துவிடாதீர்கள். அவர் நிதிக் கண்காணிப்பாளராக இருந்த 1781-1784 காலத்தோடு அவை நின்றுவிடும். 1789 முதல் 1795 வரை செனட்டராக இருந்ததும், நிலத்தை வாங்கிக் குவித்துக் கடனில் மூழ்கியதும் அதற்குப் பிந்திய கதை, எனக்கு வேண்டியதும் அதுதான்.

இரண்டாம் நாள் கல்லறை. பிராங்க்ளின் இருக்கும் கிறைஸ்ட் சர்ச் இடுகாட்டில்தான் இவரும் இருப்பார் என்று ஆர்ச் தெருவுக்குப் போய், கட்டணம் கட்டி, ஒரு மணி நேரம் கல் கல்லாகப் பார்த்தேன். இல்லை. அவர் இருப்பது இரண்டாவது தெருவில், தேவாலயத்தை ஒட்டியே, மைத்துனர் பிஷப் வில்லியம் வைட்டின் குடும்பக் கல்லறையில். அப்புறம் 1798 பிப்ரவரி முதல் 1801 ஆகஸ்ட் வரை அவரை அடைத்து வைத்திருந்த கடன்காரர் சிறை. பழைய நூல்கள் சொல்லும் ப்ரூன் தெரு இன்றைய வரைபடத்தில் கிடையாது. அதுதான் இப்போது லோகஸ்ட் தெரு, இது தெரியாமல் வெயிலில் நான்கு முறை சுற்றினேன்.

மூன்றாம் நாள் சரியான பெட்டி கிடைத்தது. கடன் கொடுத்தவர்களுக்குப் பயந்து தன் பண்ணை வீட்டில் ஒளிந்திருந்தபோது கூட்டாளி ஜான் நிக்கல்சனுக்கு எழுதிய கடிதங்கள். பெயரைச் சுருக்கிப் போட்ட கையெழுத்து அடியில் இருந்தது. 1776 ஆகஸ்டில் சுதந்திரப் பிரகடனத்தில் போட்டதும் இதே சுருக்கக் கையெழுத்துதான். காப்பகம் மூடும் மணி அடிக்கும்வரை அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.