அம்மாவின் முட்டு வலி: ஊசிகளும் நரம்புக்கு வைத்த சூடும்

என் அம்மா வண்டிப்பெரியார் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளியே வயதானவர். வருடக்கணக்காகச் சரிவில் ஏறி இறங்கியதில் இரண்டு முட்டிலும் தேய்மானம், இடது பக்கம் மோசம், கூடவே சுகர். மூட்டு மாற்று ஆபரேஷன் என்றதும் "கத்தி மட்டும் வேண்டாம்பா" என்று ஒரே பிடியாக நின்றுவிட்டார். சரி, வேறு என்ன வழி என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வந்ததை எழுதுகிறேன். இந்த மலையில் இதே வலியோடு எத்தனையோ அம்மாக்கள் இருக்கிறார்கள், ஆளுக்கொரு ஊசி சொல்கிறார்கள், எது எதற்கு என்று உட்கார்ந்து விளக்குகிறவர்கள்தான் குறைவு.

எக்ஸ்ரேயை நிற்க வைத்து எடுக்கச் சொல்லுங்கள். படுக்க வைத்து எடுத்த படத்தில் இடைவெளி இருப்பதுபோல் தெரியும், உடம்பின் பாரம் முட்டில் இறங்கும்போதுதான் எலும்புகள் எவ்வளவு நெருங்கிவிட்டன என்பது புரியும். அம்மாவின் இடது முட்டு தேய்மானத்தில் கிரேடு 3, மிக மோசமானது 4.

இங்கே எல்லோரும் போவதுபோல ஆயுர்வேதத்துக்கும் போனோம். உளுந்து மாவைப் பிசைந்து முட்டைச் சுற்றி வரப்பு கட்டி, அதற்குள் வெதுவெதுப்பான தைலத்தை ஊற்றி, ஆற ஆற எடுத்துவிட்டு மறுபடி சூடாக ஊற்றுகிறார்கள், ஜானு வஸ்தி என்று பெயர். அன்றைக்கு ராத்திரி அம்மா நிம்மதியாகத் தூங்கினார், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் படி இறங்கும்போது வரும் குத்தல் அப்படியேதான் இருந்தது.

அப்புறம் ஸ்டீராய்டு ஊசி. வீக்கம் சட்டென்று வடிந்தது, வலியும் சில வாரம் அடங்கியது, ஆனால் அந்த வாரம் முழுக்க சுகர் ஏறிக் கிடந்தது. சுகர் உள்ளவர்களுக்கு இது நடப்பதுதான், முன்கூட்டியே சொன்னால் தினமும் பார்த்துக்கொள்ளலாம், எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அடிக்கடி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கு: 2017-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில் 12 வாரத்துக்கு ஒருமுறை என்று இரண்டு வருடம் போட்டுப் பார்த்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களைவிட இவர்களுக்குக் குருத்தெலும்பு, அதாவது எலும்பு முனைகளில் மெத்தைபோல் இருக்கும் பகுதி, அதிகம் தேய்ந்திருந்தது, வலியில் வித்தியாசம் இல்லை. திடீரென்று வீங்கித் துடிக்கும்போது எப்போதாவது ஒன்று என்றால் சரி.

அடுத்து ஒரு கிளினிக்கில் பிஆர்பி என்றார்கள். நம் ரத்தத்தையே எடுத்து மிஷினில் சுழற்றி, தட்டணுக்கள் நிறைந்த பகுதியை முட்டுக்குள் போடுவது. மொத்தமாகப் பணம் கட்டினால் தள்ளுபடி, தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளர்ந்துவிடும் என்றெல்லாம் சொன்னதும் எனக்கு மனசு ஒப்பவில்லை. 2021-இல் ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் பார்த்த ஆய்வில், ஒரு வருடம் கழித்து வலியிலும் சரி குருத்தெலும்பிலும் சரி, உப்புநீர் ஊசியைவிட இது மேல் என்று வரவில்லை. பலன் தெரிந்ததாகச் சொல்லும் ஆய்வுகளும் உண்டு, டாக்டர்களுக்குள்ளேயே இதில் ஒரே கருத்து இல்லை. வளர்ந்துவிடும் என்று உறுதி கொடுப்பதுதான் தப்பு. தோட்டத்து பென்ஷன் பணத்தை நம்பிக்கையைக் காட்டி வாங்கக் கூடாது.

கடைசியில் குமுளி இறங்கி, கம்பம், தேனி தாண்டி மதுரைக்குப் போனோம். வலி சிகிச்சைக்கென்றே இருக்கும் டாக்டர், மயக்க மருந்துத் துறையிலிருந்து வந்தவர். முட்டின் வலியை மூளைக்குக் கொண்டுபோகும் சிறு நரம்புகளை ரேடியோ அலைச் சூட்டால் செயலிழக்க வைப்பதுதான் அவர் சொன்ன வழி. 2011-இல் கொரிய டாக்டர்கள் முட்டு வலிக்கு இதைச் சோதித்து வெளியிட்ட பிறகு பரவலானது. "தேய்மானம் இதில் ஒரு துளிகூடக் குறையாதும்மா, வலி தெரியிறதுதான் குறையும், நரம்பு மறுபடி வளர்ந்ததும் திரும்ப வரலாம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பலருக்கு ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் தாங்குமாம். அந்த ஒரு பேச்சிலேயே அம்மாவுக்கு அவர் மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

நேராகச் சூடு வைக்கவில்லை. முதல் நாள் சோதனை ஊசி. முட்டுக்கு மேலே இரண்டு பக்கமும், கீழே உள்பக்கமும் என மூன்று இடத்தில் கொஞ்சம் மரத்துப்போகும் மருந்து. கீழே வெளிப்பக்கத்தை ஏன் விடுகிறீர்கள் என்று கேட்டேன். அங்கே பாதத்தைத் தூக்கும் நரம்பு போகிறது, அதில் பட்டால் பாதம் தொங்கிவிடும் என்றார். மருந்து ஏறியதும் மாடிப்படியைக் காட்டி, "ஏறி இறங்குங்க, வலிக்குப் பத்துக்கு எத்தனைன்னு சொல்லுங்க" என்றார்கள். அம்மா கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்கி வந்தார், கீழே வந்ததும் மறுபடி ஏறப் போனார், நர்ஸ்தான் போதும் என்று நிறுத்தினார். இந்தச் சோதனையில் வலி பாதிக்குப் பாதியாவது குறைந்தால்தான் அடுத்த கட்டம், இல்லையென்றால் வலிக்கு வேறு காரணம் இருக்கலாம். சோதனை ஊசி போடாமல் நேராகச் செய்யலாம் என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

இன்னொரு நாள் சூடு வைத்தார்கள். முழு மயக்கம் இல்லை, தோல் மட்டும் மரத்திருக்கும். எக்ஸ்ரே திரையில் பார்த்து ஊசியை நிறுத்தி, முதலில் லேசாக மின்சாரம் விட்டு கால் துள்ளுகிறதா என்று பார்க்கிறார்கள், துள்ளினால் தசைக்குப் போகும் நரம்பு பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். பிறகு ஒவ்வொரு இடத்திலும் 80 டிகிரி, 90 விநாடி. அன்றே வீட்டுக்கு. சில நாள் ஊசி போட்ட இடம் கன்றிப்போய் வலித்தது, ஐஸ் ஒத்தடம் கொடுத்தோம், அப்புறம்தான் மெல்ல மெல்ல பலன் தெரிந்தது.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியம். வலி இல்லாத இந்த மாதங்களைச் சும்மா விடாதீர்கள். முட்டுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, முட்டால் அதை அழுத்தித் தொடையை இறுக்கிப் பிடித்து விடுவது, நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டுவது, இப்படிச் சின்னச் சின்ன பயிற்சிகளை பிசியோ சொல்லிக்கொடுத்தார். வலியோடு இருந்தபோது அம்மாவால் இவற்றைச் செய்யவே முடியவில்லை. தொடைத் தசை வலுவானால் முட்டின் பாரத்தை அது வாங்கிக்கொள்ளும். அம்மா தினமும் சீரியல் ஓடும்போது செய்கிறார், நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

போகிறவர்கள், பேஸ்மேக்கர் இருந்தாலோ ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள், அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஊசியின் விலை உட்பட மொத்தச் செலவையும் எழுதி வாங்குங்கள். அம்மாவின் வலது முட்டுக்கு இப்போதைக்கு எதுவும் செய்யவில்லை, பயிற்சியிலேயே சமாளிக்க முடிகிறது என்கிறார்.