கறுத்த இறால்

ஜூன் 18, காரைக்குடி

தடைக்காலம் முடிந்து நேற்றுதான் தொண்டி இறால் கண்ணில் பட்டது. அரைக் கிலோ வாங்கினேன். சோம்பலில் ஆயாமல் அப்படியே பிரிட்ஜில் வைத்துவிட்டேன். காலையில் பார்த்தால் தலையெல்லாம் மை பூசியதுபோல் இருக்கிறது. மீன் வண்டிக்காரர் வந்ததும், "அண்ணே, பழசை என் தலையில கட்டிட்டீங்க" என்று பிடித்துக்கொண்டேன். "விடியக்காலை ஏலத்துல எடுத்ததும்மா" என்றார். நம்பவில்லை.

ஜூன் 19

விலங்கியல் படித்தவள் நான், வெட்கம்தான். பழைய நோட்டைப் புரட்டினேன். கறுப்புக்குக் காரணம் கிருமியோ அழுகலோ இல்லை, பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி. செம்பு கொண்டது. காற்றிலுள்ள ஆக்சிஜனை வைத்து இறால் உடம்பிலுள்ள டைரோசின் என்ற அமினோ அமிலத்தைக் குயினோன் என்ற சேர்மமாக மாற்றும். குயினோன்கள் தாமாகவே சேர்ந்து மெலனின் என்ற கறுப்பு நிறமி ஆகிவிடும். சட்டை உரித்த இறாலுக்குப் புது ஓடு இறுகவும் காயம் மூடவும் இந்த நொதி வேண்டும். செத்த பிறகும் அது தன் வேலையை விடுவதில்லை.

அப்பத்தாவிடம் சொன்னேன். "வாழைப்பூவை மோர்த்தண்ணியில போடுறோமே, அந்தக் கறுப்புத்தானே?" என்றாள். அதே வகைதான்.

வண்டிக்காரர் முகத்தில் விழிக்கக் கூச்சமாக இருந்ததால் சந்தைக்குப் போய்க் கால் கிலோ வாங்கி வந்தேன். மூன்று கிண்ணம்: முழுசாக, தலை கிள்ளி ஓட்டோடு, ஓடு உரித்து.

ஜூன் 21

முழு இறாலில் தலை ஓடு கறுத்திருந்தது. நகத்தால் நெம்பினேன், ஓட்டின் உட்புறத் தோலில்தான் கறுப்பு அப்பியிருந்தது. உடம்புச் சதை வெள்ளை வெளேர். இரண்டாவது கிண்ணத்தில் ஓட்டு வளையங்கள் சேரும் இடங்களில் பென்சிலால் இழுத்ததுபோல் மெல்லிய கோடுகள்; வால் நுனியிலும் கொஞ்சம். உரித்ததில் எதுவும் இல்லை.

நோட்டில் இருந்ததும் இதுதான்: நொதி பெரும்பாலும் ஓட்டிலும் அதன் அடித்தோலிலும், அதிலும் தலைப்பக்கம் அதிகம். இரத்த அணுக்களிலும் உண்டு, ஆனால் தூங்கும் நிலையில். செத்த பிறகு தலைக்குள் இருக்கும் செரிமானச் சுரப்பி கசிந்து, அதிலுள்ள புரதம் அறுக்கும் நொதிகள் இதைத் தட்டி எழுப்புகின்றன. பிரிட்ஜ் குளிர் வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது. கொதிக்க வைத்தால்தான் அடங்கும்.

ஜூன் 22

வண்டிக்காரரிடம், "தப்பு என் மேலதாண்ணே" என்றேன். சிரித்தபடி, "இனிமே தலையைக் கிள்ளியே தரவாம்மா?" என்றார்.

முகப்பிலிருந்து அப்பத்தா குரல் வந்தது: "தலை இல்லாமக் குழம்பா? முழுசாப் போடப்பா, இப்பவே அடுப்புல ஏத்திடுறோம்!"