விண்டோஸ் 11க்கு மாற முயன்று எழாமல் போன கணக்குக் கணினி

கீழக்கரையில் மீன் கமிஷன் கடை வைத்திருக்கும் காக்கா (அண்ணனை அழைக்கும் சொல்) ஒருவரின் கணக்குக் கணினி, விண்டோஸ் 10இலிருந்து 11க்கு மாற்றும் முயற்சியின் நடுவே எழாமல் போய்விட்டது. அதை மாற்றித் தர வந்தவர், ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்றும், ஃபார்மட் செய்து புதிதாக விண்டோஸ் ஏற்றித் தரலாமே தவிர உள்ளே இருப்பது எதுவும் திரும்பாது என்றும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை, ஃபார்மட்டும் தேவைப்படவில்லை. நம் பக்கத்துக் கடைகளிலும் அலுவலகங்களிலும் இருக்கும் அசெம்பிள் கணினிகளில் பலவும் இதே முறையில் அமைக்கப்பட்டவை என்பதால், அதைச் சரிசெய்த விதத்தை விரிவாக எழுதுகிறேன்.

மாற்றும் எண்ணம் எழுந்ததற்குக் காரணம், விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14உடன் நிறுத்தப்படும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்ததுதான். விசைப்படகுகளுக்கான தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அந்த நாள்களில் நாட்டுப்படகு மீன் மட்டுமே கடைக்கு வரும் என்பதால், கணினி ஓரிரு நாள் நின்றாலும் நோட்டில் எழுதிச் சமாளித்துவிடலாம் என்று காக்கா கணக்குப் போட்டிருந்தார். கணினியும் தகுதியில்லாதது அன்று. எட்டாம் தலைமுறை இன்டெல் செயலி, 8 ஜிபி ரேம். செயலி, ரேம் அளவில் விண்டோஸ் 11 கேட்பது அதே எட்டாம் தலைமுறையும் 4 ஜிபி ரேமும்தான். ஆனால் மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் செயலியை ஓட்டிப் பார்த்தபோது, சாவிகளைப் பாதுகாக்கும் டிபிஎம் 2.0 இல்லை, நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் இல்லை என்று இரண்டு குறைகளைக் காட்டியிருக்கிறது. இரண்டுமே மதர்போர்டில் உண்டு, அணைத்து வைக்கப்பட்டிருந்தன, அவ்வளவுதான். வந்தவர், விண்டோஸுக்கு முன்பே மதர்போர்டில் ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸுக்குள் போய் இன்டெல் பிடிடி என்ற பெயரில் இருக்கும் டிபிஎம்மை இயக்கியிருக்கிறார். செக்யூர் பூட்டை இயக்குவதற்காக, பழைய தொடக்க முறைக்கு இடம் தரும் சிஎஸ்எம் என்ற அமைப்பை அணைத்துச் சேமித்திருக்கிறார். அதற்குப் பிறகு விண்டோஸ் வரவே இல்லை. ஆன் செய்யும்போதெல்லாம் பயாஸ் திரைக்கே வந்து நின்றது.

நான் போய்ப் பார்த்தபோது முதலில் கேபினட்டைத்தான் திறந்தேன். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கடையில் உப்புக்காற்றைச் சந்தேகிக்காமல் வேறு எதையும் சந்தேகிக்கத் தோன்றாது. ஐஸ் பெட்டிகளின் ஈரம் வேறு. எதிர்பார்த்தபடியே திருகாணிகளில் துருவும், ஹார்டு டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளின் முனையில் பச்சையாகக் களிம்பும் இருந்தன. ரேமின் தொடுமுனைகளை அழிப்பானால் தேய்த்துப் பொருத்தினேன். சாட்டா கேபிளையும் மாற்றினேன். நிலைமை மாறவில்லை. செய்தது வீண் அன்று, எப்படியும் செய்ய வேண்டிய பராமரிப்புதான். ஆனால் நோய் அங்கே இல்லை.

பிறகு பயாஸ் திரையில் இருப்பதைப் பொறுமையாகப் படித்தேன். பழுதுபார்ப்பவர்கள் பலரும் தாண்டிப் போகும் இடம் இதுதான் என்பது என் எண்ணம். சாட்டா சாதனங்களின் பட்டியலில் ஹார்டு டிஸ்க்கின் மாடல் எண்ணும் கொள்ளளவும் சரியாக வந்திருந்தன. ஆனால் பூட் வரிசைப் பட்டியல் காலியாக இருந்தது. அதாவது, டிஸ்க் இருப்பது மதர்போர்டுக்குத் தெரிகிறது, ஆனால் அதிலிருந்து தொடங்கக்கூடிய எதுவும் அதன் கண்ணில் படவில்லை. செத்துப்போன டிஸ்க் பெரும்பாலும் சாட்டா பட்டியலிலேயே வராது. வந்தாலும் பெயர் சிதைந்தோ கொள்ளளவு சுழியமாகவோ வரும். இங்கே அப்படி இல்லை. என்னிடமிருந்த, உபுண்டு எனும் லினக்ஸ் இயங்குதளம் ஏற்றிய பென் டிரைவைச் செருகியதும், பூட் பட்டியலில் அது மட்டும் யூஇஎஃப்ஐ என்ற முன்னொட்டோடு தோன்றியது. அதைப் பார்த்ததும் பாதி விடை கிடைத்துவிட்டது.

கணினி தொடங்கும் முறை இரண்டு. பழைய முறையில் பயாஸ், டிஸ்க்கின் முதல் செக்டரில் இருக்கும் மாஸ்டர் பூட் ரெக்கார்டு எனும் எம்பிஆரைப் படித்து, அதன் வழியே விண்டோஸை அழைக்கும். 1983இல் பிசி டாஸ் 2.0 உடன் ஹார்டு டிஸ்க்குகளுக்காக வந்த ஏற்பாடு அது; நான்கு முதன்மைப் பார்ட்டிஷன்களுக்கு (பிரிவுகளுக்கு) மேல் தாங்காது, 2 டெராபைட்டுக்கு மேல் எட்டாது. புதிய முறையான யூஇஎஃப்ஐ முதல் செக்டரை நம்பி இயங்குவதில்லை. ஜிபிடி என்ற புதிய முறையில் பிரிக்கப்பட்ட டிஸ்க்கில் தனக்கென ஒதுக்கப்பட்ட ஒரு சிறு பார்ட்டிஷனுக்குள் இருக்கும் பூட் கோப்பைத் தேடும். இரண்டுக்கும் இடையே பாலமாக இருப்பதே சிஎஸ்எம். அது இயங்கும்வரை புதிய மதர்போர்டும் பழைய முறை டிஸ்க்கை ஏற்றுக்கொள்ளும். காக்காவின் கணினியில் விண்டோஸ் 10 ஏற்றியவர், மதர்போர்டு புதியதாக இருந்தும் கைப்பழக்கத்தில் எம்பிஆர் முறையிலேயே ஏற்றியிருந்தார். சிஎஸ்எம்மை அணைத்ததும், வீட்டுக்கு மேற்கு வாசல் மட்டுமே இருக்க, வந்தவர் கிழக்குச் சுவரில் நின்று கதவைத் தேடும் கதையாகிவிட்டது.

சிஎஸ்எம்மை உடனே மறுபடி இயக்கிப் பார்க்கலாம் என்று கை துடித்தது உண்மை. ஆனால் டிஸ்க் நல்ல நிலையில் இருக்கிறது என்பது அதுவரை என் ஊகமே தவிர உறுதி செய்யப்பட்டதன்று. பழுதான டிஸ்க்காக இருந்தால், விண்டோஸ் தொடங்கும்போது தானே ஓட்டும் சோதனைகளும் எழுத்துகளும் இருப்பதையும் கெடுத்துவிடக்கூடும். எனவே உபுண்டுவைக் கணினியில் நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே ஓடவிட்டு, டிஸ்க்குகளைக் காட்டும் செயலியில், டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களைப் பார்த்தேன். பழுதாகி மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை சுழியம். சி, டி, இ என்று மூன்று பகுதிகளும் திறந்தன. சி மட்டும் படிக்க மட்டுமே அனுமதித்தது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கிக்கொண்டிருந்தால், அணைக்கப்பட்ட கணினியும் பாதி உறக்க நிலையிலேயே இருக்கும் என்பதால் லினக்ஸ் இப்படி எச்சரிக்கையாக நடந்துகொள்ளும். அதை வற்புறுத்தி எழுதும் நிலைக்கு மாற்றக் கூடாது. படியெடுக்க வந்தவனுக்குப் படிக்கும் அனுமதி போதும்.

டிஸ்க், விண்டோஸின் குறியாக்கப் பூட்டான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் இவ்வளவு எளிதாக முடிந்திருக்காது. 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் லினக்ஸால் உள்ளே போகவே முடியாது. டிபிஎம் அமைப்பை மாற்றினாலே விண்டோஸும் அந்தச் சாவியைக் கேட்கத் தொடங்கிவிடும். அண்மைக் காலத்து மடிக்கணினிகள் பலவற்றில் உரிமையாளருக்குத் தெரியாமலேயே அந்தப் பூட்டு விழுந்திருக்கும். அவற்றை வைத்திருப்பவர்கள் பயாஸில் கை வைக்கும் முன்பே, தங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சாவி இருக்கிறதா என்று பார்த்து எழுதிவைத்துக்கொள்வது நல்லது.

எதையெல்லாம் படியெடுப்பது என்று காக்காவிடம் கேட்டபோது, “டேலி போதும் தம்பி, மத்ததெல்லாம் போனாப் போகுது” என்றார். டேலி என்ற கணக்கு மென்பொருளின் கணக்குகள் எண்களையே பெயராகக் கொண்ட கோப்புறைகளில் இருக்கும். தெரியாதவர்கள் குப்பை என்று நினைத்து விட்டுவிடுவார்கள். அவற்றை முதலில் எடுத்தேன். ஆனால் அது மட்டும் போதவில்லை. படகுகளுக்குக் கொடுத்த முன்பணத்துக்கான ஒப்பந்தங்களும், மீன்துறைக்கு எழுதிய மனுக்களும் பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடிக்கப்பட்டவை. கோப்பை மட்டும் காப்பாற்றி எழுத்துருவை விட்டுவிட்டால், பிறகு திறக்கும்போது ஆங்கில எழுத்துகளின் குவியல்தான் தெரியும். எனவே விண்டோஸின் ஃபான்ட்ஸ் கோப்புறையையும் முழுதாக எடுத்துக்கொண்டேன். எல்லாம் வெளி ஹார்டு டிஸ்க்கில் ஏறிய பிறகு, கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் இரு பக்கமும் ஒப்பிட்டேன்; டேலி இருக்கும் இன்னொரு கணினியில் படியைத் திறந்து, ஐஸ் கணக்கும் டீசல் கணக்கும் வருவதைக் காக்காவே பார்த்துச் சொல்லச் செய்தேன்.

அதன் பிறகுதான் பயாஸில் சிஎஸ்எம்மை இயக்கிச் சேமித்தேன். விண்டோஸ் 10 எப்போதும் போல வந்தது. “அப்ப டிஸ்க் நல்லாத்தானே இருக்கு?” என்று காக்கா கேட்ட கேள்வியில், ஃபார்மட் சொல்லிவிட்டுப் போனவர் மீதான கோபமே அதிகம் இருந்தது. அவர் செய்த மாற்றம் தேவையானதுதான். டிஸ்க்கை எம்பிஆரிலிருந்து ஜிபிடிக்கு மாற்றாமல் முதலில் பயாஸை மாற்றியதால்தான் வரிசை தவறிப்போனது.

அந்த மாற்றத்துக்கு விண்டோஸ் 10இன் 1703ஆம் பதிப்பிலிருந்தே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி கூடவே வருகிறது. கோப்புகளை அழிக்காமல் எம்பிஆர் டிஸ்க்கை ஜிபிடியாக மாற்றுவது அதன் வேலை. அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதியோடு கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, மாற்றும் கட்டளைக்கு முன்னால் சரிபார்க்கும் கட்டளையான வேலிடேட்டை ஓட்ட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளிருந்தே செய்வதானால் அலோஃபுல்ஓஎஸ் என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும். ஓட்டினேன். டிஸ்க்கின் அமைப்பு பொருந்தவில்லை என்று மறுத்துவிட்டது.

காரணம் டிஸ்க் மேனேஜ்மென்டில் கண்ணுக்குத் தெரிந்தது. இந்தக் கருவிக்குச் சில நிபந்தனைகள் உண்டு: முதன்மைப் பார்ட்டிஷன்கள் மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது; பல டிரைவ்களை உள்ளடக்கும் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் அறவே கூடாது; டிஸ்க்கின் தொடக்கத்திலும் முடிவிலும் ஜிபிடி அட்டவணைக்குச் சிறிது இடம் வேண்டும். காக்காவின் டிஸ்க்கில் சியும் அதற்கு முன்னாலுள்ள சிறு சிஸ்டம் ரிசர்வ்டு பகுதியும் முதன்மை. டியும் இயும் பச்சைக் கோட்டால் சூழப்பட்ட எக்ஸ்டெண்டட் பகுதிக்குள் லாஜிக்கல் டிரைவ்களாகக் கிடந்தன. அசெம்பிள் கணினியைச் சி, டி, இ என்று பிரித்துக் கொடுக்கும் பழைய வழக்கத்தின் விளைவு இது. பணம் வாங்கிக்கொண்டு இதை நேரடியாக மாற்றித் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன. படி கையில் இருக்கும்போது எனக்கு அவை தேவையாகத் தோன்றவில்லை. டி, இ இரண்டிலும் எஞ்சியிருந்த கல்யாண வீடியோக்கள் உட்பட எல்லாவற்றையும் வெளி டிஸ்க்குக்கு மாற்றி, மறுபடி ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, அந்த இரு டிரைவ்களையும் அழித்தேன். அவை போன பிறகும் எக்ஸ்டெண்டட் உறை காலியாக நின்றுகொண்டிருக்கும். அதையும் தனியாக அழித்தால்தான் இடம் கறுப்புக் கோட்டோடு ஒதுக்கப்படாத இடமாக மாறும். வேலிடேட் இம்முறை ஏற்றுக்கொண்டது. மாற்றும் கட்டளை ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

முடிவில் ரீஏஜென்ட் கோப்பைப் புதுப்பிக்க முடியவில்லை என்று ஒரு வரி வந்தது. பலருக்கும் வரும் வரிதான் அது, மாற்றம் தோற்றதாகப் பொருள் இல்லை. விண்டோஸின் மீட்புச் சூழலுக்கான முகவரி பழையதாகிவிட்டது என்பதே செய்தி. விண்டோஸ் வந்த பிறகு ரீஏஜென்ட்சி கட்டளையால் அதை ஒருமுறை அணைத்து மறுபடி இயக்கினால் சரியாகிவிடும். கவனிக்க வேண்டியது வேறொன்று. மாற்றம் முடிந்த நொடியிலிருந்து பழைய முறையில் இந்த டிஸ்க் தொடங்காது. எனவே அடுத்த முறை ஆன் ஆகும்போதே பயாஸுக்குள் போய், முன்பு சிக்கலை உண்டாக்கிய அதே சிஎஸ்எம்மை இப்போது அணைக்க வேண்டும். அணைத்தேன், காலியாக இருந்த பூட் பட்டியலில் விண்டோஸ் பூட் மேனேஜர் என்ற பெயர் வந்தது. விண்டோஸ் 10 நலமாக எழுந்ததைப் பார்த்த பிறகே செக்யூர் பூட்டை இயக்கினேன். இரண்டையும் ஒரே மூச்சில் மாற்றினால், தவறு நேரும்போது எது காரணம் என்று தெரியாமல் போய்விடும். பிசி ஹெல்த் செக் இந்தத் தடவை குறை சொல்லவில்லை.

விண்டோஸ் 11 ஏற்றுவது இதற்குப் பிறகு பெரிய காரியமாக இருக்கவில்லை. 5 ஜிபிக்கு மேற்பட்ட ஐஎஸ்ஓ எனும் நிறுவல் கோப்பைக் கடையின் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இறக்குவது நடவாது என்பதால் வேறிடத்தில் இறக்கிக் கொண்டுவந்தேன். அதைத் திறந்து விண்டோஸுக்குள்ளிருந்தே செட்டப்பை ஓட்டி, கோப்புகளும் செயலிகளும் அப்படியே இருக்கட்டும் என்ற தேர்வைக் குறித்தேன். மின்சாரத்தைப் பற்றித்தான் கவலை. கடையின் யூபிஎஸ், கணினியை ஒழுங்காக அணைக்கும் நேரத்துக்கு மட்டுமே தாங்கும். ஏற்றுவதோ அதைவிட நீண்ட வேலை. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இல்லாத நாளாகப் பார்த்து, கணினியைக் காக்காவின் வீட்டுக்குத் தூக்கிப்போய் இன்வெர்ட்டரில் இணைத்து முடித்தோம்.

மீதி இருந்தவை சில்லறை வேலைகள். ஒதுக்கப்படாமல் கிடந்த இடத்தில் ஒரே பார்ட்டிஷனை உருவாக்கி, அதற்கு டி என்ற எழுத்தையே கொடுத்தேன். டேலி தன் கணக்குகளை அந்தப் பாதையில்தான் தேடும். கோப்புகள் திரும்பி ஏறியதும் டேலி மறுபேச்சில்லாமல் திறந்தது. பில் அடிக்கும் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் மட்டும் முரண்டு பிடித்தது. அதற்கான டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவி, தாளின் அளவைப் பழையபடி பாதித் தாளுக்குக் குறைத்த பிறகு அதுவும் வழிக்கு வந்தது. புதிய விண்டோஸ் பிடிக்காவிட்டால் 10 நாள்களுக்குள் பழையதற்கே திரும்பலாம், அதற்காக விண்டோஸ்.ஓல்டு என்ற கோப்புறை டிஸ்க்கில் காத்திருக்கும். அந்தக் கெடு முடியும்வரை இடம் அடைக்கிறதே என்று அதை அழித்துவிட வேண்டாம் என்று சொல்லி, வெளி டிஸ்க்கையும் காக்காவிடமே ஒப்படைத்துவிட்டு வந்தேன்.