பழைய ஜீப்பில் எண்ணெய்க் கசிவு: ஆயில் சீலை மாற்றுமுன் பார்க்க வேண்டியவை

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளிலும், அதற்கு மேலுள்ள ஏலத்தோட்டப் பாதைகளிலும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய மஹிந்திரா ஜீப்புகளில், நிறுத்திய இடத்தில் ஒரு சொட்டுக் கறைகூட விடாத வண்டியைக் காண்பது அரிது. ஜீப் என்றால் ஒழுகத்தான் செய்யும் என்று ஆயிலை ஊற்றிக்கொண்டே ஓட்டுபவர்களும் உண்டு. நனைந்த இடத்தில் எல்லாம் ஆயில் சீலை (சுழலும் தண்டைச் சுற்றி எண்ணெயை அடைத்து நிறுத்தும் ரப்பர் வளையத்தை) மாற்றிவிட்டு, சில மாதங்களில் அதே இடம் மீண்டும் நனைவதைக் கண்டு சலித்துப்போகிறவர்களும் உண்டு. எம்.எம். 540 என்ற பழைய மஹிந்திரா ஜீப் ஒன்றைப் பல ஆண்டுகளாக வைத்திருப்பவன் என்ற முறையில் எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை. பழைய சீலைக் கெடுத்தது எது என்று தெரியாமல் புதிய சீலைப் போட்டால், அதுவும் அதே வழியில்தான் கெடும்.

முதலில், ஒழுகுவது எது என்று தெரிய வேண்டும். இரவு வண்டியின் அடியில் ஓர் அட்டையை விரித்து வைத்தால் காலையில் பாதி விடை கிடைத்துவிடும். டீசல் இன்ஜினின் ஆயில் கரிபோலக் கறுத்திருக்கும். கியர் ஆயில் தடிப்பாகவும், மூக்கருகே கொண்டுபோனால் கந்தக நெடியோடும் இருக்கும். கூலன்ட் நிறத்தாலும் இனிப்பான மணத்தாலும் தன்னைக் காட்டிக்கொடுக்கும். அது நஞ்சு என்பதால் நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். மெல்லியதாக, தண்ணீர் பட்டதும் கரைந்து போவதாக, பெயின்டை உரிப்பதாக இருந்தால் அது பிரேக் ஆயில். சக்கரத்தின் உட்புறம் அந்த ஈரம் தெரிந்தால் அதைச் சரிசெய்யாமல் வண்டியை எடுக்கக் கூடாது. இரட்டைச் சுற்று இல்லாத பழைய பிரேக் அமைப்பில் ஒரே ஒரு வீல் சிலிண்டர் கசிந்தாலும் நான்கு சக்கரத்துப் பிரேக்கும் சேர்ந்தே போய்விடும். மற்ற எல்லாக் கசிவுகளும் காத்திருக்கும், இது காத்திருக்காது.

கசிவு தொடங்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது அடுத்த வேலை. ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னோக்கி இழுத்துச் செல்வதால், சொட்டு விழும் இடமும் கசியும் இடமும் பெரும்பாலும் வேறு வேறு. அடிப்பகுதியை டீசல் விட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவைத்து, சந்தேகப்படும் இடங்களில் முகப் பவுடரைத் தூவி, சிறிது தூரம் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், வெள்ளைப் பூச்சில் ஈரக்கோடு எங்கிருந்து இறங்குகிறது என்பது தெளிவாகத் தெரியும். நனைந்த பகுதிகளில் மிக உயரத்திலும் மிக முன்னாலும் இருப்பதையே நம்ப வேண்டும்.

பெரும்பாலோர் பார்க்காமல் விடுவது பிரீதரைத்தான். பின் சக்கரங்களின் ஆக்ஸிலை மூடியிருக்கும் ஹவுசிங்கின் மேல் சிறிய மூடி போன்ற ஒரு காற்றுவழி இருக்கும். தோட்டப் பாதையின் சேறும் புழுதியும் அதை எளிதில் அடைத்துவிடும். மலையேற்றத்தில் ஹவுசிங் சூடாகி உள்ளிருக்கும் காற்று விரியும்போது, வெளியேற வழியின்றி ஆக்ஸில் சீலின் உதட்டைத் தள்ளிக்கொண்டு ஆயிலோடு வெளியே வரும். அந்த ஆயில் நேராகப் பின் பிரேக் ஷூவில் போய் ஊறும். இதற்கு எதிர்மாறான தொல்லையும் உண்டு. சூடான ஹவுசிங் ஓடையின் குளிர்ந்த நீரில் இறங்கியதும் உட்காற்று சுருங்கி, அதே சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். ஆயில் பால் கலந்த தேநீரின் நிறத்துக்கு மாறியிருந்தால் காரணம் இதுதான். பிரீதரைக் கழற்றி டீசலில் கழுவி ஊதிப்பார்க்கக் கால்மணி நேரம் போதும். அதிலிருந்து ஒரு ரப்பர் குழாயை உயரமான இடத்துக்கு ஏற்றிக் கட்டிவிட்டால் ஓடையைப் பற்றிய கவலையும் குறையும்.

இன்ஜினுக்கும் இதே நியாயம் பொருந்தும். இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதா என்று பாருங்கள். மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்று சொல்லும் இந்தக் கோளாறில், தேய்ந்த பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி இறங்கும் அழுத்தம் இன்ஜினின் தலையிலுள்ள டாப்பெட் கவரில் தொடங்கிக் கீழேயுள்ள கிராங்க் தண்டின் சீல் வரை இருக்கும் எல்லா இணைப்புகளையும் ஒழுக வைக்கும். அந்த நிலையில் இணைப்புகளுக்கு இடையிலுள்ள பேக்கிங்கை மாற்றுவது வீண்செலவு.

கியர் பாக்ஸிலிருந்து வரும் விசையை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தனிக்கதை. அமெரிக்காவின் பழைய வில்லிஸ் ஜீப்பின் வழிவந்த அமைப்பில் கியர் பாக்ஸும் அதுவும் ஒட்டியே இருப்பதால், இடையிலுள்ள அடைப்பு தேய்ந்தால் கியர் பாக்ஸ் ஆயில் வெளியே சொட்டாமலேயே குறைந்துகொண்டு வரும். டிரான்ஸ்ஃபர் கேஸ் அளவுக்கு மேல் நிரம்பிப் பின் சீல் வழியாக ஒழுகும். ஆகவே ஆயில் அளவைக் காட்டும் லெவல் பிளக்குகளை இரண்டிலும் ஒன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். பழைய ஜீப்புகள் பலவற்றில் ஹேண்ட் பிரேக் டிரம் அந்தப் பின் சீலை ஒட்டியே இருக்கும் என்பதால், அங்கே ஒழுகும் ஆயில் ஷூவில் இறங்கி, மேட்டில் நிறுத்திய வண்டி நகரத் தொடங்கிவிடும். சீலை மாற்றும்போது, அதன் உதடு உரசும் யோக்கின் (புரொப்பெல்லர் தண்டைப் பிணைக்கும் பாகத்தின்) மேல் விரல்நகத்தை நெடுக்கில் இழுத்துப் பாருங்கள். நகம் ஒரு பள்ளத்தில் தட்டினால் புதுச் சீல் அங்கே நிற்காது. யோக்கின் மேல் மெல்லிய ஸ்லீவ் ஏற்றலாம், அல்லது உதடு வழவழப்பான இடத்தில் படும்படி சீலைச் சற்று முன்பின்னாக அமர்த்தலாம். தண்டையும் பிடித்து அசைத்துப் பார்க்க வேண்டும். பேரிங்கில் ஆட்டம் இருந்தால் எந்தச் சீலும் தாங்காது.

சிலிகான் பேஸ்ட்டை அள்ளி அப்பும் வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளியே பிதுங்கித் தெரியும் அளவுக்கு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். அது பிய்ந்து ஆயில் பம்பின் வலையை அடைத்தால், சொட்டுக் கசிவுக்குப் போய் இன்ஜினையே இழக்க நேரிடும். காகிதப் பேக்கிங்கை அளவாக வெட்டி மெல்லிய பூச்சோடு போடுவதே போதுமானது.

இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் அடித்துளையில் சொட்டுவதை மட்டும் நான் அவசரப்பட்டுத் தொடுவதில்லை. கறுப்பாக இருந்தால் கிராங்க் பின்சீல், கந்தக நெடி அடித்தால் கியர் பாக்ஸ் முன்சீல். எதுவானாலும் கியர் பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும். கிளட்ச் நழுவாதவரை, வாரந்தோறும் அளவைப் பார்த்து ஆயில் ஊற்றிக்கொண்டு, கிளட்ச் பிளேட் மாற்றும் நாளில் இரண்டு சீலையும் சேர்த்து மாற்றிவிடுவதே கூலிக்கும் கைக்கும் கட்டுப்படியாகும்.